பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

மரபணு மாற்றுப் பொருட்களை, அதாவது ஆய்வகத்தில் மரபணுவை மாற்றிய பயிர்களிலிருந்து வரும் ஜி.எம். பொருட்களைத் தவிர்ப்பது எப்படி, அதையும் கைக்கு அடங்கிய செலவில் செய்வது எப்படி என்று அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்குத்தான்.

அக்கா, எனக்கு இரண்டு பிள்ளைகள். ஜி.எம். பொருள் கலக்காத சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் 'நான்-ஜி.எம்.ஓ.' (மரபணு மாற்று இல்லை), 'ஆர்கானிக்' என்று அச்சடித்த சாமானாகவே வாங்கினால் மாதம் பாதி ஓடுவதற்குள் கை காலியாகிவிடுகிறது. எல்லாவற்றையும் மாற்ற முடியாது. எங்கிருந்து தொடங்கட்டும்?

தங்கச்சி, முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இந்தப் பட்டியல் நீளமானதே இல்லை. உலகத்தில் மரபணு மாற்று ரகங்கள் பயிராகும் நிலத்தில் மிகப் பெரும்பகுதியை நான்கே பயிர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன: சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா என்ற கடுகு இனத்து எண்ணெய் வித்து. அமெரிக்காவில் விளையும் சோயாவிலும் மக்காச்சோளத்திலும் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்று ரகம்தான். இந்த நான்குக்கு அப்புறம் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட், மாட்டுத் தீவனத்துக்கான குதிரைமசால், ஹவாயில் வைரஸ் நோய்க்குத் தப்பிப் பிழைக்க 1998-இல் நடத் தொடங்கிய பப்பாளி, பங்களாதேஷில் 2014 முதல் பயிராகும், புழுவை எதிர்க்கும் பி.டி. கத்தரிக்காய், கொஞ்சம் உருளைக்கிழங்கு, கொஞ்சம் ஆப்பிள் என்று சில்லறையாக வரும்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் அரிசி, பருப்பு வகைகள், கொண்டைக்கடலை, பாசிப்பயறு, நிலக்கடலை, எள், கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம், கீரை எதுவும் மரபணு மாற்று ரகம் இல்லை. கோதுமையில் அர்ஜென்டினா 2020-இல் ஒரு ரகத்துக்கு அனுமதி கொடுத்தது, காராமணியில் நைஜீரியா ஒரு ரகத்தை விட்டிருக்கிறது. மற்றபடி நாம் மூட்டையிலிருந்து அளந்து வாங்குகிற தானியமும் பயறும் இந்தக் கதைக்குள்ளேயே வராது. அவற்றுக்கு 'நான்-ஜி.எம்.ஓ.' முத்திரை வேண்டும் என்று கூடுதல் காசு கொடுத்தால் அந்தக் காசு வீண்.

அப்படியென்றால் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது? பாக்கெட் வழியாகத்தான். சோயாவும் மக்காச்சோளமும் அப்படியே முழுசாக நம் தட்டுக்கு வருவது குறைவு. உடைந்து, பிரிந்து, பெயர் மாறி வரும். சோயா லெசித்தின், சோயா புரதம், கார்ன் ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ்-ஃப்ரக்டோஸ் சிரப், வெறுமனே 'தாவர எண்ணெய்' என்று மட்டும் போட்டிருப்பது என்று எத்தனையோ வேஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சமையலறை அலமாரியைக் காலி செய்து எல்லா பாக்கெட்டையும் தரையில் பரப்பி, பின்பக்கத்து எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தேன். மொத்தம் 23 பாக்கெட். அதில் 14-இல் இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தது. பிஸ்கட்டில், சாக்லேட்டில், சூப் பொடியில், ரொட்டியில் கூட. ஆரோக்கியமானது என்று நம்பி வாங்கிய தானிய மிட்டாயில் மூன்று இருந்தன. அவை அத்தனையும் மரபணு மாற்றுப் பயிரிலிருந்துதான் வந்தன என்று சொல்ல முடியாது, பாக்கெட்டில் அது எழுதியிருக்காது. ஆனால் நுழைய வழி இருக்கிறதென்றால் அது இந்த 14 தான், மிச்சம் 9 இல்லை.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் இதுதான்: முத்திரை குத்திய பாக்கெட்டைத் தேடிப் போகாதீர்கள், பாக்கெட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வாரம் ஆறு பாக்கெட் நொறுக்குத்தீனி வாங்குகிறீர்கள் என்றால் மூன்றாக்குங்கள், மிச்சமாகும் காசை வேர்க்கடலைக்கும் பழத்துக்கும் மாற்றுங்கள். பிள்ளைகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். என் வீட்டிலும் அப்படித்தான் ஆனது, இரண்டாவது வாரம் வறுத்த கடலை டப்பா தானாகக் காலியாகத் தொடங்கியது. அப்புறமும் கையில் கொஞ்சம் மிஞ்சினால் அதை எங்கே போடுவது என்பதும் இப்போது தெரியும்: சோயா பால், டோஃபு என்ற சோயா பன்னீர், மக்காச்சோள மாவு, சமையல் எண்ணெய். ஆர்கானிக் சான்று என்பதன் விதிகளே மரபணு மாற்று விதையை அனுமதிப்பதில்லை, அதனால் இந்த நான்கைந்து பொருளில் மட்டும் சான்று பார்த்து வாங்கினால் போதும். எண்ணெயில் இன்னும் சுலபம்: எள், நிலக்கடலை, தேங்காய், சூரியகாந்தி, ஆலிவ் எதிலும் விற்பனைக்கு வந்த மரபணு மாற்று ரகம் கிடையாது. தனி முத்திரையே தேவையில்லை, கலப்பு எண்ணெயாக இல்லாமல் இருந்தால் சரி.

ஒன்று மட்டும் முழுக்கத் தப்ப முடியாது. பால், முட்டை, இறைச்சி தரும் விலங்குகள் தின்ற தீவனம் மரபணு மாற்றுச் சோயாவாகவோ மக்காச்சோளமாகவோ இருக்கலாம். கடுமையான விதிகள் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தில் கூட அந்தப் பாலிலும் முட்டையிலும் அதை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு முட்டை கொடுங்கள்.

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம். மரபணு மாற்று மக்காச்சோளம் தின்ற எலிகளின் உடம்பில் பெரிய பெரிய கட்டிகள் இருக்கும் படம் ஒன்றை என் மகன் கைபேசியில் காட்டினான். அறுபது வயதுக்கு மேல் இதையெல்லாம் பார்த்தால் சாப்பிடவே பயமாக இருக்கிறது. உண்மை என்ன?

ஐயா, அந்தப் படம் நிஜமான ஓர் ஆய்விலிருந்து வந்ததுதான். 2012-இல் பிரான்ஸைச் சேர்ந்த செராலினி என்பவரின் குழு வெளியிட்டது. ஆனால் அந்த ஆய்வில் பயன்படுத்திய எலி வகைக்கு வயதானால் கட்டி வருவது இயல்பு, எதைத் தின்றாலும் வரும். ஒரு பிரிவுக்குப் பத்துப் பத்து எலிதான் வைத்திருந்தார்கள், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வெளியிட்ட ஆய்விதழே 2013-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2014-இல் வேறோர் இதழில் மறுபடி வந்தது, ஆனால் குறைகள் குறைகளாகவே நின்றன. படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, திரும்பப் பெற்ற சேதி அதன் கூடவே சுற்றவில்லை.

அதற்குப் பிறகு 2016-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, இப்போது விற்பனையில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர்களை உண்பதால் மற்றப் பயிர்களைவிடக் கூடுதல் ஆபத்து என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் நிலையும் கிட்டத்தட்ட இதுவே. எனவே இதுவரை சாப்பிட்டதை நினைத்து நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

அப்படியானால் தவிர்க்க நினைப்பது தப்பா என்று கேட்டால், இல்லை என்பேன். களைக்கொல்லியைத் தாங்கும்படி மாற்றிய பயிர்கள்தான் இவற்றில் நிறைய, அதனால் களைக்கொல்லித் தெளிப்பு பற்றிய கேள்வி கூடவே வருகிறது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை 2015 மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற வகையில் சேர்த்தது, அதே வருடம் நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்புக் குறைவு என்றது. விதை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் உங்கள் வயதில் தட்டிலிருந்து முதலில் குறைய வேண்டியது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருக்கும் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். உங்களைப் பயமுறுத்த வேண்டிய எண் அதுதான்.

விதையில்லா திராட்சை, ஹைப்ரிட் தக்காளி எல்லாம் ஜி.எம். தானே? பழத்தின் ஸ்டிக்கர் எண் 8-இல் தொடங்கினால் வாங்கக் கூடாது என்கிறார்களே?

இரண்டும் தப்பு. ஹைப்ரிட் என்பது இரண்டு ரகங்களை மகரந்தம் சேர்த்துக் கலப்பது. மரபணு மாற்று என்பது ஆய்வகத்தில் ஒரு மரபணுவை எடுத்து உள்ளே வைப்பது. விதையில்லா திராட்சையும் தர்பூசணியும் வழக்கமான பயிர்ப்பெருக்கத்தின் வேலைதான். ஸ்டிக்கர் விஷயத்தில், 8 என்ற எண்ணை மரபணு மாற்றுப் பொருளுக்கென்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்தார்கள், கடைகளில் யாரும் அதைப் பயன்படுத்தவே இல்லை. ஐந்து இலக்கம், 9-இல் தொடங்கினால் ஆர்கானிக் என்பது மட்டும் சரி.

லேபிளில் 'மாடிஃபைட் ஸ்டார்ச்' என்று இருந்தால் அது மரபணு மாற்றப்பட்டது என்று அர்த்தமா? 'ஜி.எம். இல்லை' என்று போட்டிருந்தால் முழுசாக நம்பலாமா?

நல்ல கேள்வி, என்னிடம் நிறையப் பேர் இதில்தான் தடுமாறியிருக்கிறார்கள். மாடிஃபைட் ஸ்டார்ச் என்பதில் வரும் மாற்றம் மரபணுவில் நடந்தது இல்லை. கெட்டியாகவும் பிரியாமலும் இருக்க மாவுச்சத்தைச் சூட்டினாலோ அமிலத்தாலோ பதப்படுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மாவு எந்தப் பயிரிலிருந்து வந்தது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. மரவள்ளி என்றால் கவலை இல்லை, மக்காச்சோளம் என்றால் யோசிக்கலாம்.

'ஜி.எம். இல்லை' என்பதற்கு நாட்டுக்கு நாடு அர்த்தம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சேர்மானத்தில் தற்செயலாகக் கலந்தது 0.9 சதவீதத்தைத் தாண்டினால் எழுதியே ஆக வேண்டும். ஜப்பானில் அந்தக் கோடு 5 சதவீதம், ஆனால் 2023 ஏப்ரலிலிருந்து 'இல்லை' என்று போட வேண்டுமென்றால் சோதனையில் எதுவுமே தென்படக் கூடாது என்று இறுக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் அறிவிப்பு கட்டாயம், ஆனாலும் சுத்திகரித்த எண்ணெயிலும் சர்க்கரையிலும் மாற்றப்பட்ட மரபணு தென்படாவிட்டால் எழுத வேண்டியதில்லை என்றுதான் அந்த விதி வந்தது. ஐரோப்பாவில் அதே எண்ணெய்க்கு எழுத வேண்டும். எனவே எந்த நாட்டு பாக்கெட் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். உப்பிலும் தண்ணீரிலும் 'நான்-ஜி.எம்.ஓ.' என்று அச்சடித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், உப்புக்கு மரபணுவே கிடையாது. போகிற போக்கில் ஒன்று: விலை உயர்ந்த கல்லுப்பு, வண்ண உப்பு வாங்குவதற்காக அயோடின் சேர்த்த சாதாரண உப்பை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அவற்றில் அயோடின் சேர்ப்பதில்லை.

அக்கா, நான் தனியாகத் தங்கி வேலைக்குப் போகிறேன். சமைக்க இருப்பது ஒரே ஒரு மின்சாரப் பானை. இரவு ஒன்பது மணிக்கு வந்தால் உடனடி நூடுல்ஸ்தான். நல்ல சாப்பாடு என்றால் காசுள்ளவர்களுக்குத்தான் என்று தோன்றிவிட்டது.

தம்பி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்பது மணிக்குப் பசியோடு வருகிறவனிடம் சமைத்துச் சாப்பிடு என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த நேரத்தில் எதையும் சமைக்கச் சொல்லப் போவதில்லை.

முதலில், உன் உடம்பு ஏன் அந்தப் பாக்கெட்டையே கேட்கிறது என்று தெரிந்துகொள். 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து சமம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் வகை உணவின்போது அதே ஆட்கள் நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறினார்கள். உன் மனக்கட்டுப்பாட்டில் குறை இல்லை, உணவின் அமைப்பு அப்படி. அதே ஆய்வில் சமைத்த உணவுக்குத்தான் செலவு அதிகமானது என்பதையும் மறைக்கக் கூடாது. அதனால்தான் இறைச்சியையும் கொட்டைகளையும் அல்ல, பயறை அடித்தளமாக வை என்கிறேன். விலை குறைந்தது, புரதம் நிறைந்தது, மரபணு மாற்றுக் கவலை இல்லாதது.

விடுமுறை நாள் காலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ போட்டு வேகவை, முந்தைய இரவே ஊறவைத்திருந்தால் சீக்கிரம் வேகும். ஒரு கிண்ணம் காய்ந்த பயறு வெந்தால் இரண்டரை, மூன்று கிண்ணம் ஆகும். ஆறியதும் கைப்பிடி கைப்பிடியாகச் சின்னப் பைகளில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிடு. இரவு வந்ததும் ஒரு பையை எடுத்து வெந்நீரில் போட்டு, கூடவே உறையவைத்த காய்கறி ஒரு கைப்பிடி போட்டால் நூடுல்ஸ் ஆகிற நேரம்தான் ஆகும். உறைந்த காய்கறி மட்டம் என்று நினைக்காதே, பறித்த சூட்டில் உறையவைப்பதால் சத்து நன்றாகவே தங்கும், வாடி வீணாவதும் இல்லை. அன்றைக்கு நூடுல்ஸ்தான் வேண்டும் என்றால் அதையே போடு. மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் கொட்டு, ஒரு முட்டையை உடைத்து ஊற்று, பயறைச் சேர். அதுவும் முன்னேற்றம்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். சிவப்பு ராஜ்மா வாங்கினால் ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடு. அதில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது, கொதித்தால்தான் போகும். உன் பானை மெதுவாகச் சூடேறுகிற வகை என்றால் அதில் ராஜ்மா வேண்டாம், அரைவேக்காட்டில் நச்சு இன்னும் கூடும், வாந்தி பேதியில் கொண்டுவிடும். பச்சைப்பயறும் மசூர்பருப்பும் உனக்கு வசதி, ஊறவைக்காமலே வெந்துவிடும். வருகிற விடுமுறைக்கு ஒரு கிண்ணம் பச்சைப்பயறு போட்டுப் பார், எத்தனை பை வந்தது என்று எனக்கு எழுது.