குப்பையில் போகும் பாட்டில் மூடிகளில் அரூபச் சிற்பம், அதாவது எந்த உருவத்தையும் அப்படியே காட்டாத சிற்பம், செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். எல் அனட்சுய் செய்வது அதைத்தான். 1944இல் கானாவில் பிறந்து, நைஜீரியாவில் சிற்பம் கற்பித்தவர். மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி, மடித்து, முறுக்கி, ஓரத்தில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் பிணைக்கிறார். உதவியாளர்கள் பலர் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கோக்க வேண்டிய வேலை. தள்ளி நின்று பார்த்தால் பொன்னும் சிவப்புமாக மடிப்பு விழுந்த பட்டுச்சேலை போல இருக்கும். கிட்டப் போனால் மூடியில் அச்சான மதுவின் பெயரையே படிக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இவற்றுக்கு நிலையான வடிவம் இல்லை என்பது. மடித்துப் பெட்டியில் அனுப்புவார்கள்; மடிப்பு எப்படி விழ வேண்டும் என்பதை மாட்டுகிறவர்களே தீர்மானிக்கலாம்.

பொருளும் ஏதோ கிடைத்ததென்று எடுத்ததல்ல. ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த மது, அடிமை வணிகத்தில் கைமாறிய சரக்கு. 2015இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி இவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது தந்தது.