சிக்கலை எங்கிருந்து பிரிப்பது? – கேள்வி பதில்

நூற்பாலைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (திருமங்கலம்): ஐயா, தோட்டத்து நீர்மூழ்கி மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகித் தானாக நின்றுவிடுகிறது. ரிலே, கேபிள் எல்லாம் மாற்றியும் தீரவில்லை.

பதில்: தம்பி, மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். ஒரு நோட்டில், டிரிப் ஆன நேரம், அப்போது மூன்று பேஸிலும் வோல்டேஜ், ஆம்ப் எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதுங்கள். வோல்டேஜ் இறங்கும்போது ஆம்ப் ஏறினால் கரண்ட் வரும் லைனைப் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் ஏறினால் பம்பில் மணல் அடைத்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். மேலே எடுத்துத்தான் பார்க்கவேண்டும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எதனால் ஓடியது என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி (கே.கே. நகர்): சார், எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் முதலில் பேசிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

பதில்: பேச்சு தொடங்கும் முன் ஆளுக்கு ஐந்து நிமிடம் தனியாக எழுதட்டும், அம்மா. பிறகு புதிதாகச் சேர்ந்தவரிலிருந்து வாசிக்கட்டும், மேனேஜர் கடைசியில். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கூடி யோசித்த நான்கு பேரைவிட, தனித்தனியே யோசித்த நான்கு பேரிடம் அதிக யோசனைகள் கிடைத்தன, ஒரே மாதிரி வந்தவற்றைக் கழித்த பிறகும். கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்த யோசனைகளில் ஓட்டை கண்டுபிடிக்கப் பல கண்கள் வேண்டும்.

கேள்வி (மேலூர்): கண்மாய்த் தண்ணீர் பற்றிப் பேச உட்கார்ந்தாலே மேல்மடைக்கும் கடைமடைக்கும் சண்டை.

பதில்: ஊர்ப் பொதுவிடமான மந்தையில் உட்கார்ந்தால் பழைய கணக்கெல்லாம் வரும். தரப்புக்கு இரண்டு பேர், கூடவே வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டி, வாய்க்கால் நெடுக நடந்து பாருங்கள். எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே கருவேலம் அடைத்திருக்கிறது என்று எல்லோரும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால், யார் எடுத்தார் என்ற பேச்சு, தண்ணீர் எங்கே போகிறது என்று திரும்பும்.

ஆளைக் குறை சொல்லாமல் எங்கே தடங்கல் என்று பார்ப்பதற்கு, நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே டாக்டர் ஒரு மேசையில் அறுவை சிகிச்சை செய்யும்போதே, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். டாக்டரை விரட்டவில்லை, அவர் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

கேள்வி (திருப்பரங்குன்றம்): தனியாக முட்டி மோதும்போது, எப்போது மற்றவரிடம் கேட்கலாம்?

பதில்: என்ன நடக்கவேண்டும், என்ன நடக்கிறது, எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று மூன்று வரி எழுதி எடுத்துக்கொண்டு தயங்காமல் போய்க் கேளுங்கள். எழுதும்போதே விடை தட்டுப்படுவதும் உண்டு.