பிடியைக் கவிழ்த்துத் துளையைப் பாருங்கள்

கேள்வி: பாலித் தீவில் உபுத் ஊரில் கிரிஸ் குத்துவாளின் மரப்பிடி ஒன்றை, வாள் இல்லாமல் தனியாக வாங்கினேன். முட்டைக்கண்ணும் கோரைப்பல்லுமாக ஓர் உருவம். ‘ராட்சசன், 200 வருஷப் பழசு’ என்றார் கடைக்காரர். உண்மையா? இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் ஆள் யாரென்று பார்த்துவிடுவோம். இப்படி உருவம் செதுக்கிய பிடியைப் பாலியில் தோகோகன் என்பார்கள். கோரைப்பல் இருந்தால் கடைகளில் எல்லாமே ராட்சசன்தான். ஆனால் உங்கள் முதல் படத்தில் கட்டைவிரலைக் கவனியுங்கள்: நகம் மட்டும் நீண்டு வளைந்து நிற்கிறது. அது வாயுவுக்கும் அவர் பிள்ளைகளான பீமனுக்கும் அனுமனுக்கும் உரிய அடையாளம். குரங்கு முகம் இல்லை, வாலும் இல்லை. ஆக அனுமன் இல்லை. மறு கையில் சின்னக் கலசம் ஒன்று தெரிகிறது, அது அமிர்தக் கலசம். ஆகப் பீமனும் இல்லை. உங்களிடம் இருப்பவர் வாயு, பாலிக்காரர்கள் வாயில் ‘பாயு’.

காலம்தான் கடினம். உருவத்தை வைத்துக் காலம் சொல்லவே முடியாது. இதே வாயுவைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி வருகிறார்கள், இன்றும் செதுக்குகிறார்கள். வாளின் வயதும் உதவாது. பிடி தேய்ந்தாலோ உடைந்தாலோ மாற்றிவிடுவார்கள், பழைய வாளில் புதுப்பிடி இருப்பது சாதாரணம்.

அதனால் நான் முதலில் பார்ப்பது பிடியின் அடித்துளையை. கிரிஸ் வாளின் காம்பு, அதாவது அலகின் அடியில் நீளும் மெல்லிய இரும்புத் தண்டு, அதற்குள்தான் நுழைகிறது. ஆணி, திருகு எதுவும் கிடையாது. காம்பில் துணியைச் சுற்றி இறுக்கிச் செருகுவார்கள். வருடக்கணக்கில் செருகி எடுத்த துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும், உட்புறம் இருண்டிருக்கும், இரும்புக் கறை இருக்கும், சில சமயம் துணி நார்கூட ஒட்டியிருக்கும். வெவெர் என்கிற உலோக வளையம் உட்காரும் அடிப்பகுதியிலும் அழுத்தத் தடம் விழுந்திருக்கும்.

அடுத்தது தேய்வு. கை படும் முதுகு, உச்சந்தலை, முழங்கால் இவை வழுவழுப்பாகி, காதுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும் செதுக்கல் கூர்மையாகவே மிஞ்சியிருந்தால் அது கை பழகிய பிடி. எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சாயமாக இருக்கலாம். ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: பாலியில் 210 நாளுக்கு ஒருமுறை தும்பெக் லண்டெப் என்கிற திருநாளன்று கிரிஸ்களைத் துடைத்துப் பூஜை செய்வார்கள். நன்றாகப் பேணிய பழம்பிடி பளிச்சென்றுதான் இருக்கும். அழுக்கை வயதென்று நினைக்காதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது படம். துளையின் உட்புறம் வெளிறிய மரம், விளிம்பு கூர்மை, அடியில் வளையத் தடமே இல்லை. இந்தப் பிடி ஒரு வாளையும் தாங்கியதில்லை என்பதே என் முடிவு. விற்பனைக்கென்று செதுக்கியது, 200 வருடம் நிச்சயமாக இல்லை. ஆனால் அந்த நகத்தையும் கலசத்தையும் மறக்காமல் வைத்த கை மரபு தெரிந்த கை. அதற்காகவே பத்திரமாக வைத்திருக்கலாம்.

உண்மையிலேயே பழசாக இருந்திருந்தால் வேறு கவலை வந்திருக்கும். இந்தோனேசியாவின் 2010-ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுச் சட்டப்படி, மரபுப் பொருளை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துவர முடியாது. தந்தப் பிடி என்றால் வனவிலங்குச் சட்டமும் சேரும். வாங்கிய ரசீதை வைத்திருங்கள். 1908-இல் பாலியின் கிளுங்குங் அரசு டச்சுப் படையிடம் வீழ்ந்தபோது பறிபோன கிரிஸ் ஒன்று, 2023-இல்தான் நெதர்லாந்திலிருந்து திரும்பியது. இந்த வாள்கள் அந்த மக்களுக்கு எவ்வளவு நெருக்கமானவை என்பதை வாங்குகிற நாம் மறக்கக் கூடாது.

உபுதிலேயே நேகா கலை அருங்காட்சியகத்தில் கிரிஸ்களைப் பார்க்கலாம். அடுத்த முறை போனால் வாள்களை விட்டுவிட்டு, பிடிகளின் முதுகுத் தேய்வை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள்.