சாண்டா குரூஸ்: மூழ்கிய கப்பலும் திரும்பாத விமானிகளும்

அன்புள்ள ஐயா,

பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவுக்காக அமெரிக்காவும் ஜப்பானும் நடத்திய போரைப் பற்றிய உங்கள் கட்டுரையில் சாண்டா குரூஸ் கடற்போரை இரண்டே வரிகளில் கடந்துவிட்டீர்கள். நான் ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன். 1942 அக்டோபர் 26 அன்று நடந்த அந்தப் போரில் அமெரிக்கா ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் போர்ட்டர் என்ற நாசகாரிக் கப்பலையும் இழந்தது. ஜப்பானுக்கு ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. அப்படியிருக்க, இதை ஜப்பானின் வெற்றி என்று ஏன் யாரும் உரக்கச் சொல்வதில்லை? அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்கா வென்ற மிட்வே கடற்போரை மட்டும் எல்லோரும் கொண்டாடுவது ஏன்? ஹார்னெட்டைக் காப்பாற்றியிருக்க முடியாதா?

கல்லூரி மாணவன், திருநெல்வேலி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் இதே போரைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். யாரும் கேட்காமல் நீங்களாகவே உட்கார்ந்து அட்டவணை போட்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால் அந்த அட்டவணை தவறு. கிரிக்கெட்டில் விக்கெட் எண்ணுவதுபோல் கப்பல்களை எண்ணியிருக்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை இந்த வயதிலேயே விட்டுவிடுங்கள்.

மிட்வேயை ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதைக் கொண்டாடுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஹார்னெட்டைப் பொறுத்தவரை, காலையில் குண்டுகளும், நீருக்கடியில் பாயும் டார்பிடோக்களும் தாக்கிய பிறகும் அதை நார்தாம்ப்டன் என்ற குரூசர் போர்க்கப்பல் கட்டி இழுத்துக்கொண்டுதான் இருந்தது. பிற்பகலில் ஜுன்யோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியின் விமானங்கள் மீண்டும் ஒரு டார்பிடோவைப் பாய்ச்சியதும் அந்த நம்பிக்கை போயிற்று. அமெரிக்க நாசகாரிகளே அதை மூழ்கடிக்க முயன்று, டார்பிடோக்களையும் நானூறுக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகளையும் செலவழித்தும் முடியாமல் விலகிச் சென்றன. நள்ளிரவுக்குப் பின் ஜப்பானிய நாசகாரிகள்தாம் அதை மூழ்கடித்தன. அந்தக் கேள்விக்கு இது போதும்.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் முக்கியமான கேள்வி. அன்று ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பியவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்? ஷோகாகு, ஸுயிகாகு, ஸுயிஹோ, ஜுன்யோ ஆகிய நான்கு கப்பல்களிலும் சேர்த்து 99 விமானங்கள் அழிந்தன; உடன் பறந்த குழுவினரையும் சேர்த்து 148 விமானிகள் இறந்தார்கள். மிட்வேயில் நான்கு கப்பல்களை இழந்தபோது ஜப்பான் இழந்த விமானிகள் சுமார் 110 பேர்தான். அந்த 148 பேரில் படைப்பிரிவுகளை நடத்திச் சென்ற தலைவர்கள் மட்டும் இருபதுக்கு மேல். பேர்ல் துறைமுகத்தில் டார்பிடோ விமானங்களுக்குத் தலைமை தாங்கிய முராட்டா ஷிகெஹாரு ஹார்னெட்டைத் தாக்கும்போது இறந்தார். குண்டுவீச்சுப் பிரிவின் தலைவர் செகி மாமொருவும் திரும்பவில்லை. அமெரிக்கத் தரப்பில் 81 விமானங்கள் அழிந்தும் இறந்த விமானிகள் முப்பதுக்குக் குறைவு. அவர்களுடைய விமானங்களில் கவசத் தகடும், குண்டு பட்டாலும் ஒழுகாத எரிபொருள் தொட்டியும் இருந்தன; கடலில் விழுந்தவர்களில் பலரை நாசகாரிகள் தேடி எடுத்தன.

மாலையில் ஜுன்யோவின் தளத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகளில் ஒருவர் ஒகுமியா மசடாகே. அனுப்பியதில் கொஞ்சமே திரும்பி வந்தது என்றும், வந்த ஒவ்வொரு விமானத்திலும் குண்டுத் துளைகள் இருந்தன என்றும், தடுமாறித் தடுமாறி இறங்கின என்றும் அவர் பின்னாளில் எழுதினார். குண்டுவீச்சுப் பிரிவை நடத்திச் சென்று தப்பி வந்த இளம் அதிகாரி ஒருவர், கண்டதைத் தலைமைக்குச் சொல்ல வந்து நின்று, சொல்ல முடியாமல் குழறினாராம். உங்கள் அட்டவணையில் இந்த இளைஞர் எந்தக் கட்டத்தில் வருகிறார்?

விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிவிடலாம். ஹார்னெட் மூழ்கிய இரண்டு மாதம் நான்கு நாட்களில், 1942 டிசம்பர் 31 அன்று, எஸ்ஸெக்ஸ் என்ற புதிய கப்பல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. ஆனால் ஆடுகிற கப்பல் தளத்தில் இறங்கவும், கடல் மட்டத்தை ஒட்டிப் பறந்து டார்பிடோவை நேராக விடவும் ஒரு கைக்குப் பழக ஆண்டுகள் ஆகும். ஜப்பான் போருக்கு முன்பு மிகச் சிலரை மட்டுமே பொறுக்கி எடுத்து, மிகக் கடுமையாகப் பழக்கியது. அப்படிப் பழகியவர்களை இறக்கும்வரை போர்முனையிலேயே வைத்திருந்தது. அமெரிக்கா தன் அனுபவசாலிகளைத் திருப்பி அழைத்து, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது. இந்த ஒரு முடிவைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. சேதமடையாத ஸுயிகாகுகூட விமானிகள் இல்லாமல் தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அடுத்த விமானந்தாங்கிப் போருக்கு ஜப்பான் 1944 ஜூன் வரை காத்திருந்தது. அப்போது கிளம்பிய அரைகுறைப் பயிற்சி பெற்ற பையன்கள் ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்களோடு அழிந்தார்கள்.

இந்தக் கப்பல்களின் பெயர்களை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே அவற்றின் பயம் எங்கள் வீட்டில் இருந்தது. 1942 ஏப்ரலில் ஷோகாகுவும் ஸுயிகாகுவும் வங்கக் கடல் பக்கம் வந்தன. கொழும்பும் திருகோணமலையும் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. சென்னை காலியாயிற்று. திருவல்லிக்கேணியில் இருந்த என் பாட்டி, அரைத்து வைத்த தோசை மாவை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு குழந்தைகளோடு எழும்பூரில் ரயிலேறி, கும்பகோணத்துப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போனார். இறக்கும்வரை விமானச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் ஓயும்வரை அசையாமல் நிற்பார். அவரைத் துரத்திய கப்பல்களின் விமானிகளில் பலர் அந்த ஆண்டு முடிவதற்குள், பவளக் கடலிலும் சாலமன் தீவுகளின் கிழக்கிலும் சாண்டா குரூஸிலும் இறந்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அவர் முதலில் அவர்களின் வயதைத்தான் கேட்டிருப்பார்.

நீங்களும் அந்த வயதுதான், தம்பி. அட்டவணையில் கப்பல்களை அப்படியே விடுங்கள், அழிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, கிளம்பியவர்கள், திரும்பியவர்கள் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் எழுதி, மீண்டும் எனக்கு அனுப்புங்கள்.