இரும்புச் சுவர் எழுப்பினால் கிணற்றுநீரில் குரோமியம் போய்விடுமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பகுதியை அடுத்து எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் இளமஞ்சளாக வருகிறது. பரிசோதித்தபோது குரோமியம் இருப்பதாகச் சொன்னார்கள். நிலத்தின் மேட்டுப்பக்க வரப்பை ஒட்டிப் பள்ளம் தோண்டி, லேத் பட்டறை இரும்புச் சுருளைக் கொட்டி மூடினால் தண்ணீர் சுத்தமாகிவிடும், வெளிநாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார் ஓர் ஒப்பந்ததாரர். இரண்டு லாரிச் சுருள் போதுமாம். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாம் என்கிறார் மாமனார். செய்யலாமா? எவ்வளவு ஆழம் வேண்டும்? எத்தனை ஆண்டு தாங்கும்? அதன்பிறகு குடிக்கலாமா?

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம் என்று உங்கள் மாமனாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த ஒப்பந்ததாரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. இரும்பு குரோமியத்தைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அவர் காட்டுகிற இடமும் சொல்லுகிற அளவும் பொருந்தவில்லை. உங்கள் வரப்பில் அந்தச் சுவர் நின்றால் பணம் போகும், குரோமியம் போகாது.

முதலில் உண்மையான பகுதி. தண்ணீரில் குரோமியம் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஆய்வகத்தார் குரோமியம் ஆறு, குரோமியம் மூன்று என்பார்கள். ஆறு நீரில் எளிதாகக் கரையும், மண்ணில் ஒட்டாமல் நீரோடு போகும், மஞ்சள் நிறம் தரும், புற்றுநோயை உண்டாக்கும். மூன்று அப்படியில்லை. அமிலமில்லாத நீரில் அது கரையாமல் படிந்துவிடும், நச்சும் மிகக் குறைவு. உலோக இரும்பின் மேல் குரோமியம் ஆறு பட்டால், இரும்பு தான் துருவேறி அதை மூன்றாக மாற்றிவிடும். இரும்பும் குரோமியமும் சேர்ந்த ஹைட்ராக்சைடாக அது அங்கேயே படிந்து தங்கிவிடும். நீரோட்டத்துக்குக் குறுக்கே, மண்ணைவிடச் சுலபமாக நீர் புகுந்து போகும்படி இப்படி ஓர் இரும்புப் பட்டையைப் புதைத்து வைப்பதைத்தான் வினைச்சுவர் என்கிறோம். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நிலத்தடி நீர் தன் போக்கில் வந்து, தொட்டு, மாறிப் போகும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கில்லமும் அவர் குழுவினரும் 1991இல் ஒன்டாரியோவில் போர்டன் ராணுவத் தளத்தின் மணற்படுகையில் இரும்புத் துகள் நிரப்பி இதைக் களத்தில் சோதித்தார்கள். அவர்கள் குறிவைத்தது குளோரின் கலந்த கரைப்பான்களை. குரோமியத்துக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள எலிசபெத் சிட்டி. அங்கே கடலோரக் காவல்படைத் தளத்தில் ஒரு முலாம் பூசும் பட்டறை இருந்தது. தரைக்கடியில் கசிந்த குரோமிய நீர் பக்கத்து ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 1996 ஜூனில் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் தடிமனுக்கு ஒரு சுவர் இறக்கினார்கள். உள்ளே போனது சுமார் 450 டன் இரும்புத் துகள். சுவருக்கு முன்னால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மேல் இருந்த குரோமியம் சுவருக்குள் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போனது. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் குரோமியத்தைப் பொறுத்தவரை அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அந்த 450 டன்னை உங்கள் இரண்டு லாரியோடு வைத்துப் பாருங்கள். உங்கள் நிலத்தின் அளவுகள் கையில் இல்லாததால், முறை விளங்க ஒரு மாதிரிக் கணக்கு மட்டும் போடுகிறேன். மண்ணின் நீர் கடத்தும் திறன் நாளுக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். நிலத்தடி நீர்மட்டம் நூறு மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் இறங்குகிறது, மண்ணில் நீர் புகுந்து போகும் இடைவெளி நான்கில் ஒரு பங்கு. 5ஐ 0.01ஆல் பெருக்கி 0.25ஆல் வகுத்தால் நீர் நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் நகர்கிறது. அது இரும்போடு இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றால் சுவர் 40 சென்டிமீட்டர் தடிமன். மழைக்காலத்தில் வேகம் கூடும், இரும்பும் வருடாவருடம் மங்கும். எனவே 60. நீளம் 50 மீட்டர், நீரில் மூழ்கும் உயரம் 5 மீட்டர் என்றால் 150 கன மீட்டர். துகள் இரும்பு கன மீட்டருக்கு இரண்டு டன்னுக்குமேல் நிற்கும். ஆக முன்னூறு டன்னுக்கு மேல், பத்து டன் லாரியில் முப்பது நடை. பாதிக்குப் பாதி மணல் கலந்தாலும் பதினைந்து நடைக்குக் குறையாது. இரண்டு லாரிச் சுருளை அந்தப் பள்ளத்தில் பரப்பினால் நீர் அதைத் தொட்டதும் தொடாததுமாகக் கடந்துவிடும்.

லேத் சுருள் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், வழவழப்பு இருக்கும். வெட்டும்போது ஊற்றிய எண்ணெய் அது. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை நீர் இரும்பைத் தொடாது, எண்ணெய் கழன்றால் அதுவும் உங்கள் கிணற்றுக்குத்தான் வரும். எவர்சில்வர் சுருள் கலந்திருந்தால் அது வினைபுரியாது, போதாததற்கு அதிலேயே குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கினால்கூட எண்ணெய்ச் சிக்கல் தீராது. வேலைக்கு ஆகும் இரும்பு என்பது கழுவி, சுட்டு, ஒரே அளவாகச் சலித்த வார்ப்பிரும்புத் துகள். பழைய இரும்புக் கடை விலையில் அது கிடைக்காது.

அடுத்தது பூமி. எலிசபெத் சிட்டியும் போர்டனும் மணற்பாங்கான இடங்கள். நீர் ஒரே பரப்பாக, மெதுவாக, சொன்ன திசையில் போகும். ராணிப்பேட்டைப் பக்கம் மேலே கொஞ்சம் மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்பு விழுந்த கடினப்பாறை. பொக்லைன் சிதைந்த பாறை வரை இறங்கும், அதற்குமேல் முரண்டு பிடிக்கும். குரோமிய நீரோ வெடிப்பு வழியாகச் சுவருக்கு அடியில் புகுந்து கிணற்றின் அடி ஊற்றில் வந்து சேரும். உங்கள் கிணற்றில் கோடையில்தான் மஞ்சள் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரி முக்கியமாகப் பட்டது. மழை நாளில் மேல் ஊற்றுகள் சேர்ந்து நிறத்தை மட்டுப்படுத்துகின்றன, கோடையில் அடி ஊற்று மட்டும் மிஞ்சுகிறது என்று அதற்குப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. அப்படியானால் நீங்கள் தோண்டும் பள்ளத்தின் ஆழத்துக்குக் கீழேதான் குரோமியம் வருகிறது. கிணற்றுக்குள் இறங்கிப் பழக்கப்பட்டவரைக் கொண்டு கோடையில் ஒவ்வோர் ஊற்றுக்கண்ணிலும் தனித்தனியாகப் பாட்டிலில் பிடித்துச் சோதியுங்கள். கையுறையும் காலுறையும் அணிந்து, மேலே இருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள இறங்கட்டும்.

மோட்டாரும் கணக்கைக் கெடுக்கும். நீங்கள் இறைக்கும்போது கிணறு நான்கு பக்கத்திலிருந்தும் இழுக்கும். ஒரு பக்கச் சுவர் ஒரு பக்கத்தைத்தான் மறிக்கும். மற்றப் பக்கங்களில் சுற்றி வரும் நீரை யார் மறிப்பது?

எனவே இந்தச் சுவர் இருக்க வேண்டிய இடம் கழிவு கிடக்கும் இடத்தின் விளிம்பு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். குரோம் தாதுவைக் காரத்தோடு சேர்த்து வறுத்து எடுத்தபின் மிஞ்சும் கழிவு இது. காரத்தன்மை உள்ளதால் ஒவ்வொரு மழையிலும் குரோமியம் ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். பத்து வருடத்தில் தீர்ந்துவிடும் சங்கதி இல்லை. நல்ல சுவரே பதினைந்து, இருபது ஆண்டுகள்தான் கணக்கு. குவியலை அகற்றாமலோ, மழைநீர் புகாமல் மூடாமலோ சுவரை மட்டும் எழுப்பினால் சுவர் முதலில் தீரும், கழிவு மிஞ்சும். இதை ஒரு குடும்பம் நகை வைத்துச் செய்யச் சொல்வது அநியாயம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், இதே வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகள் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது அந்த வழியில். ஊரில் இருபது கிணற்றுக்காரர்களின் சோதனை முடிவுகளைச் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் மனுக் கொடுங்கள். அசையாவிட்டால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. மனுவில் "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதாமல், கழிவை மூடுவது, விளிம்பில் மறிப்பது, பாதிக்கப்பட்ட கிணறுகளுக்கு மாற்றுக் குடிநீர் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சுவர் எடுக்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தோல் பதனிடும் கழிவில் வரும் உப்பை இரும்பு தொடாது. உங்கள் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், குரோமியம் முழுவதும் போன பின்பும் அது குடிநீர்த் தரத்துக்கு வராது, பயிருக்கும் ஆகாது. உரத்திலிருந்து வரும் நைட்ரேட் அதிகமிருந்தால் இரும்பின் மேற்பரப்பை அது மழுங்கடித்துவிடும். கடின நீரில் சுண்ணாம்பு படிந்து சுவர் அடைபடும், நீர் சுற்றிக்கொண்டு போகும். இந்த மூன்று எண்களையும் பார்க்காமல் சுவருக்கு விலை சொல்கிறவரை நம்பாதீர்கள்.

குடிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போதே நிறுத்துங்கள், சமையலுக்கும் வேண்டாம். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குமேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கண்ணுக்கு மஞ்சள் தெரிவதற்கே சுமார் ஒரு மில்லிகிராம் வேண்டும், அதாவது வரம்பைப்போல் இருபது மடங்கு. ஆகவே மழைக்காலத்தில் நிறமில்லாமல் வரும் நீரும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். காய்ச்சினால் குரோமியம் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். வீட்டு ஆர்.ஓ. கருவி குறைக்கும், ஆனால் இவ்வளவு அதிகத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது, கழித்துவிடும் நீரில் குரோமியம் இன்னும் செறிந்திருக்கும். அதை வாழைக்கோ கீரைப்பாத்திக்கோ விடாதீர்கள். மாட்டுத் தொட்டிக்கும் வேறு தண்ணீர் பாருங்கள்.

நகைக்குப் பதில் கொஞ்சம் கைக்காசு செலவிட்டுச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஓர் இரவு முழுக்க மூன்றிலும் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் சர்வேயரை மட்டக்கருவியோடு வரவழைத்து மூன்றின் நீர்மட்டத்தையும் ஒரே அளவுகோலில் எடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் சரிகிறது என்பது அப்போது தெரியும். மேட்டுப்பக்கம் என்று நாம் நினைப்பதும் நிலத்தடியில் நீர் வரும் பக்கமும் பல இடங்களில் ஒன்றாக இருப்பதில்லை. மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து சனவரியில் ஒரு முறை எடுத்தால் போதும்.

மாதிரி எடுக்கும் நாளில் மோட்டாரைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, குழாயில் நின்ற பழைய நீர் போனபின் பிடியுங்கள். குரோமியம் ஆறுக்கான பாட்டிலில் அமிலம் விடக்கூடாது, வடிவம் மாறிவிடும். ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே ஆய்வகத்தில் சேருங்கள், 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். மொத்த குரோமியத்துக்கு வேறு பாட்டில், அதில் ஆய்வகத்தாரே அமிலம் விட்டுக் கொடுப்பார்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குப் போவதானால் குரோமியம் ஆறு பார்க்கும் வசதி உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே கரைந்த உப்புகள், நைட்ரேட், கடினத்தன்மை, காரநிலை ஆகியவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பு சோதித்தவர்கள் "குரோமியம் இருக்கிறது" என்று வாயால் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை எண்ணோடும் தேதியோடும் முத்திரையோடும் தாளில் வாங்குங்கள். மனுவுக்கு அந்தத் தாள்தான் உதவும். முடிவுகள் வந்ததும் மூன்று கிணற்றின் நீர்மட்டத்தோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். விளிம்பில் எழுப்ப வேண்டிய சுவருக்கு எத்தனை டன் இரும்பு பிடிக்கும் என்ற கணக்கை உங்கள் மனுவோடு இணைக்கும்படி போட்டுத் தருகிறேன்.