பல் கூடினாலும் சொல் போகுமா?

கேள்வி: ஆபீஸ் ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு எத்துப்பல் கல்யாணத் தரகர் வேஷம். பல் செட்டை மாட்டினால் வசனம் குழறுகிறது, கழற்றினால் வேஷமே போய்விடுகிறது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், பல் கூடினாலும் போகுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: போகும், நன்றாகவே போகும். ஆனால் எல்லா எழுத்தும் போகாது. எது போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கண்ணாடி முன்னால் நின்று "மாப்பிள்ளை" என்று சொல்லிப் பாருங்கள். ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒட்டியாக வேண்டும். மேல்பல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்போது உதடு எங்கே ஒட்டுவது? கீழுதடு பல்லில் போய் முட்டி "மாஃபிள்ளை" என்று வரும். தரகர் வேஷத்தில் அந்த ஒரு சொல்லைத்தான் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கும், பாவம் நீங்கள்.

அடுத்தது ஸ், ச. நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே சின்ன இடுக்கு வழியாக வரும் காற்று முன்பல் விளிம்பில் மோதித்தான் 'ஸ்' பிறக்கிறது. அங்கே பல் கொஞ்சம் தடித்தாலும் ஒன்று விசில் அடிக்கும், இல்லாவிட்டால் 'ஷ' ஆகிவிடும். த, ந சொல்ல நாக்கு மேல்பல்லின் பின்பக்கத்தைத் தொட வேண்டும், செட்டின் பின்பக்கம் மொத்தையாக இருந்தால் "தாத்தா" மழுங்கிப் போகும். ட, ண, ள கெட்டால் பல்லைத் திட்டாதீர்கள், அண்ணத்தை மூடியிருக்கிறதே தகடு, அதுதான் காரணம். ழ-வுக்கு நாக்கு எங்கேயும் அழுந்தத் தொடுவதில்லை என்பதால் அது ஓரளவு தப்பித்துவிடும். நல்ல பல் இருக்கிறவர்களே அதை ஒழுங்காகச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

ஃபேன்சி ஸ்டோர் பிளாஸ்டிக் பல் என்றால் இப்போதே தூக்கிப் போடுங்கள். அது யார் வாய்க்கும் பொருந்தாது, பேசும்போது கீழே விழாமல் பிடித்துக்கொள்வதிலேயே நாக்கின் பாதி வேலை போய்விடும். அதை ஒட்டவைக்க இன்ஸ்டன்ட் பசையைத் தேடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பல் டாக்டரிடம் போய் அச்சு எடுத்து, உங்கள் பல்லின் மேலேயே மாட்டுகிற மாதிரி மெல்லிய அக்ரிலிக் செட், அண்ணத் தகடு இல்லாமல் செய்து தரச் சொல்லுங்கள். விசிலும் மழுங்கலும் அவர் ராவிச் சரிசெய்யக்கூடியவை. ப, ம மட்டும் பல்லின் நீளத்தைக் குறைத்தால்தான் சரியாகும். அதற்கும் மனசு வராவிட்டால் வசனத்தை மாற்றுங்கள், "மாப்பிள்ளை" போகும் இடத்தில் "பையன்" கூட ப-வில்தான் தொடங்குகிறது, "வரன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம் எச்சில். வாய்க்குள் புதிதாக ஏதாவது வந்தால் அது சாப்பாடு என்றே வாய் நினைத்துக்கொள்ளும், ஊற ஆரம்பித்துவிடும். பழகப் பழகக் குறையும். அதனால்தான் நாடகத்தன்று காலையில் முதல் தடவை பல்லை மாட்டுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை என்கிறேன். ஒத்திகை ஆரம்பித்த நாளிலிருந்தே மாட்டுங்கள், வீட்டில் பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள், மனைவி சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: சினிமாக்காரர்கள் மட்டும் எப்படிச் சமாளிக்கிறார்கள்? (வாசகி, மதுரை)

பதில்: நம் ஊரில் ரொம்ப காலம் டப்பிங்தான் காப்பாற்றியது. 1979-இல் வந்த 'கல்யாணராமன்' படத்தில் கமல் எத்துப்பல்லோடு வருவார் இல்லையா, அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் குழறினாலும் பரவாயில்லை, குரலைப் பிறகு ஒலிப்பதிவுத் தியேட்டரில் உட்கார்ந்து பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அதிலும் ஒரு வம்பு உண்டு. திரையில் உதடு ஒட்டவே இல்லை, காதில் மட்டும் "அம்மா" சுத்தமாக விழுகிறது என்றால் பார்க்கிறவனுக்கு ஏதோ இடிக்கும். பல்லில்லாமல் டப்பிங் பேசினாலும் பல் இருப்பது போலத்தான் பேசியாக வேண்டும்.

ஹாலிவுட்டில் ராமி மாலெக் 2018-இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்தில், குயீன் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியாக நடித்தார். மெர்குரிக்கு வாயில் நான்கு பல் அதிகம், அதனால் முன்பல் தள்ளி நிற்கும், எடுத்தால் குரல் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அவர் கடைசிவரை சரிசெய்துகொள்ளவில்லை. மாலெக் படப்பிடிப்புக்கு வெகுமுன்பே செயற்கைப் பல்லை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் மாட்டிப் பழகியிருக்கிறார். மெர்குரி பேச்சுக்கு நடுவே உதட்டை இழுத்துப் பல்லை மூடிக்கொள்வாரே, அந்தப் பழக்கம் மாலெக்குக்கும் தானாக வருவதைப் படத்தில் கவனியுங்கள். நடிப்பா, பல்லின் வேலையா என்று பிரிக்க முடியாது, எனக்கு அந்தப் படத்தில் பாட்டுகளைவிட அதுதான் பிடித்தது. ஆஸ்கரும் வாங்கினார்.

மார்லன் பிராண்டோ 'காட்ஃபாதர்' படத்தில் வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு நடித்தார் என்பது பாதி உண்மை. பஞ்சு கதையெல்லாம் சோதனைப் படப்பிடிப்போடு சரி. படத்துக்குக் கன்னத்தை உப்பவைக்கப் பல் டாக்டர் செய்து கொடுத்த கருவியை மாட்டிக்கொண்டார், அது இப்போது நியூயார்க்கில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் குழறலை மறைக்கவே முயலவில்லை, மெதுவாகப் பேசி எதிரில் இருப்பவனைக் காது கொடுத்துக் கேட்க வைத்தார்.

கேள்வி: அப்பா நாற்பது வருஷமாக மேடை நடிகர். முழுப் பல் செட் கட்டியதிலிருந்து உரக்கச் சிரிக்கும் காட்சி என்றால் பயப்படுகிறார். (வாசகர், விருதுநகர்)

பதில்: பயம் நியாயமானது. மேல் செட் அண்ணத்தோடு காற்றுப் புகாமல் ஒட்டி நிற்கும், கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை, நாக்கு அசைகிற போதெல்லாம் அதுவும் ஆடப் பார்க்கும். மருந்துக்கடையில் பல் செட் ஒட்டும் கிரீம் கிடைக்கிறது, மேடைக்குப் போகும் முன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். செட் பழையதாகித் தளர்ந்திருந்தால் கிரீம் போட்டுப் பயனில்லை, ஈறு தேய்ந்திருக்கும், டாக்டர் உள்பக்கம் புதிதாக அடைத்துத் தர வேண்டும். கிழவர் வேஷம் வந்தால் கழற்றிவிட்டே நடிக்கலாம் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள், பொக்கை வாய்க்கு மேக்கப்மேன் தேவையில்லை.