ஐஸ் ஹாக்கியில் அணி தோற்றால் ரசிகர்கள் ஒரே வீரரைத் திட்டுவது ஏன்?

இதைப் பலிகடா ஆக்குவது என்போம். பலர் சேர்ந்து செய்த பிழையை ஒருவர் தலையில் கட்டுவது.

ஒரு கோல் விழும்முன் நாலைந்து தவறுகள் நடந்திருக்கும். பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் தட்டையான ரப்பர் வட்டு) பறிகொடுத்தவர் ஒருவர், எதிராளியைக் கவனிக்காமல் விட்டவர் இன்னொருவர். ஆனால் கடைசியாகத் தடுக்கத் தவறியவர்தான் கண்ணில் படுவார். நாலு பேர் தூக்கிய பீரோ விழுந்தால், கடைசியில் கை நழுவியவரைத்தானே திட்டுகிறோம்? மற்றவர்கள் முன்பே பிடியைத் தளர்த்தியது தெரிவதில்லை.

1986இல் எட்மன்டன் ஆயிலர்ஸ் வீரர் ஸ்டீவ் ஸ்மித் அனுப்பிய பாஸ், சொந்த கோல்கீப்பர் கிரான்ட் ஃபியூரின் காலில் பட்டு வலைக்குள் போனது. எதிரணியான கால்கரி ஃபிளேம்ஸ் 3-2 என வென்று தொடரையும் கைப்பற்றியது. பழி முழுக்க ஸ்மித் மேல். சரி, அதன்பின் கிட்டத்தட்ட 15 நிமிட ஆட்டம் மீதமிருந்ததே! நட்சத்திரங்கள் நிறைந்த அந்த அணியால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. அதை யார் பேசினார்கள்? அடுத்த ஆண்டு ஆயிலர்ஸ் ஸ்டான்லி கோப்பையை (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியன் கோப்பை) வென்றதும், கேப்டன் வெய்ன் கிரெட்ஸ்கி அதை முதலில் ஸ்மித்திடம்தான் கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த தருணம் அது.

அப்புறம், ஒரு வீரரின் பிளஸ்-மைனஸ் எண் (அவர் களத்தில் இருக்கும்போது அணி போட்ட கோலுக்குப் பிளஸ், வாங்கிய கோலுக்கு மைனஸ் எனக் கணக்கிடுவது) மோசமாக இருந்தால் தோல்விக்கு அவர்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். இரு அணியிலும் சம ஆட்கள் ஆடும்போது கோல் விழுந்தால், தவறு யாருடையதானாலும், கோல் வாங்கிய அணியில் கோல்கீப்பர் நீங்கலாக அப்போது களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மைனஸ் விழும்.